பதினாறின் கணக்கு

(லாஸ்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கழகத்தின் கண்ணும் கரமுமாக விளங்கும் தோழர்களே! திடலுக்கு வர இயலாமல் இந்த உரையை ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே படிக்கப்போகும் நண்பரே! உமக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு என்றதும் கலங்க வேண்டாம்; மளிகைக் கடைச் சிட்டையைவிட எளிய கணக்குத்தான் இது.

இந்த நாட்டின் குடியரசுத் தலைவரை நீங்களும் நானும் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு விதி இருக்கிறது. 1971 ஆம் ஆண்டு மக்கள் தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால், உத்தரப் பிரதேசத்து உறுப்பினரின் ஓட்டு 208 பெறும். தமிழ்நாட்டு உறுப்பினரின் ஓட்டு 176 பெறும். நம்முடைய புதுவை உறுப்பினரின் ஓட்டோ... 16!

சிறிய ஊர், சிறிய தொகை, ஆகவே சிறிய மதிப்பு. இதிலே இழிவில்லை. எண்சுவடி யாரையும் இழிவு செய்யாது. ஆனால் இந்தப் பதினாறுகூட எப்போது கிடைத்தது தெரியுமா? 1963 முதல் நமக்குச் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு, கொடி கட்டிய கார் உண்டு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் இல்லை! அரசியல் சட்டத்துக்கு 70 ஆவது திருத்தம் வந்த 1992 இல்தான் அந்தப் பதினாறு நம் கையிலே விழுந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் மன்றத்தின் மதிப்பு, டில்லியின் அந்தப் பேரேட்டிலே பூஜ்யம்!

விந்தையைப் பாருங்கள். இதே புதுவையிலே, நம் தெருவிலேயே, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் வாழ்கிறார்கள். 2017 இலும் 2022 இலும் பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவருக்குத் தேர்தல் நடந்தபோது, அவர்கள் இங்கிருந்தபடியே தங்கள் கையால் ஓட்டுப் போட்டார்கள். கடல் கடந்த நாட்டின் தலைவரை நேரே தேர்ந்தெடுக்கும் தமிழர் ஒரு வீட்டிலே. தன் சட்டமன்றத்திலேயே தன் ஓட்டு நிற்குமா நிற்காதா என்று அறியாத தமிழர் அடுத்த வீட்டிலே!

தோழர்களே! இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: புதுவை மக்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள், அந்தப் போக்கு எப்படி எப்படி மாறியது, ஏன் மாறியது? யார் வென்றார் யார் தோற்றார் என்று மட்டும் பார்ப்பது சூதாடியின் பார்வை. மக்கள் எதைக் கருதி ஓட்டளித்தார்கள் என்று பார்ப்பதே கழகத் தொண்டனின் பார்வை.

முதலிலே, வெள்ளையன் காலம். பிரெஞ்சுக்காரன் 1870 களிலேயே இங்கே ஆண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தான். அடடா, எவ்வளவு தாராளம் என்று தோன்றும். ஆனால் வாக்காளர் பட்டியலைப் பிரித்து வைத்தான். ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல். 1881 ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் பழைய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' என்பாருக்கு ஒரு காலத்தில் தனிப் பட்டியல். எஞ்சிய பெருங்கூட்டத்துக்கு மற்றொரு பட்டியல். விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியருக்கு அவர்கள் தலைக்கணக்கை மீறிய இடங்கள். ஓட்டு எல்லார்க்கும், எடை மட்டும் வேறு வேறு! இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாலே இது வேறு வேடத்தில் வரும்.

அடுத்தது விடுதலை. 1954 அக்டோபர் 18 ஆம் நாள் கீழூரிலே வாக்கெடுப்பு. ஓட்டளித்தோர் 178 பேர். சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களும். இந்தியாவோடு இணைவதற்கு 170 ஓட்டு, எதிராக 8. முடிவு மக்களின் நெஞ்சத்திலே இருந்த முடிவுதான், மறுக்கவில்லை. ஆயினும், ஊரின் தலைவிதி எழுதப்பட்ட நாளில் ஊர் மக்கள் நேரடியாக ஓட்டளிக்கவில்லை என்பதும் வரலாறுதான். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான கைமாற்றம் நிறைவேற 1962 ஆகஸ்டு 16 வரை ஆயிற்று.

அந்நாளைய தேர்தல்களில் இரண்டு ஆற்றல்கள் மோதின. ஒன்று பெரிய மனிதர்களின் செல்வாக்கு. நேற்றுப் பிரெஞ்சுக்காரனோடு விருந்துண்டவர் இன்று கதர் தரித்து வந்தார், ஊரும் ஓட்டளித்தது. மற்றொன்று ஆலைத் தொழிலாளரின் அணி. 1936 ஜூலை 30 ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு. 12 உயிர்கள் பலி. அந்தக் குருதி வீண்போகவில்லை, எட்டு மணி நேர வேலை என்ற உரிமை பிறந்தது, வ. சுப்பையா போன்ற தலைவர்கள் பின்னால் தொழிலாளி அணிவகுத்தான். அவனுடைய ஓட்டு ஆளுக்குப் போட்ட ஓட்டன்று. கூலிக்கும் மானத்துக்கும் போட்ட ஓட்டு.

1964 தேர்தலில் 30 இடங்களில் காங்கிரசுக்கு 22. ஐந்தே ஆண்டு. 1969 மார்ச்சு. பேரறிஞர் அண்ணா மறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, கண்ணீர் காயவில்லை. புதுவை மக்கள் தி.மு.கழகத்துக்கு 15 இடங்களைத் தந்தார்கள். காங்கிரசுக்கு 10. கம்யூனிஸ்டு கட்சியின் துணையோடு ஃபாரூக் தலைமையில் கழக ஆட்சி அமைந்தது. ஐந்தாண்டிலே என்ன மாயம் நடந்தது? மாயமில்லை, தோழர்களே! 1965 மொழிப்போர் நடந்தது. 1967 இல் தமிழ்நாட்டிலே ஆட்சி மாறியது. எல்லைக் கல் வேறாக இருந்தாலும் எண்ணம் ஒன்றாக இருந்தது. "உங்கள் வீட்டுக்கு என்ன செய்தார்?" என்று கேட்காமல், "நம் மொழிக்கு என்ன ஆகும்?" என்று கேட்டு ஓட்டளித்த காலம் அது.

பிறகு பிளவு வந்தது. 1974 இல் அ.தி.மு.க. 12 இடங்கள் பெற்றது. தமிழ்நாட்டிலே அது கோட்டை ஏறுவதற்கு முன்பே புதுவையிலே ஆட்சி ஏறியது. 22 நாட்களில் இறங்கியது. 1977 இல் 14 இடங்கள் பெற்று மறுபடி ஏறியது. 1978 இல் மறுபடி கவிழ்ந்தது. திரையிலே தோன்றினால் தேர்தல் முடிந்தது என்று பேசப்பட்ட நேரம் அது.

இப்போதுதான் நான் உங்களை நிறுத்தி நினைக்கச் சொல்லும் இடம் வருகிறது.

1979 சனவரி. மொரார்ஜி தேசாய் பிரதமர். புதுவையை, காரைக்காலை, மாகியை, ஏனாமை அக்கம்பக்கத்து மாநிலங்களோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நம்மிடம் கேட்கவில்லை. அப்போது நமக்குச் சட்டமன்றமும் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி. ஊர் கொதித்தது. கடை அடைத்தது. தெருவுக்கு வந்தது. "எங்களைக் கேளாமல் எங்களைப் பங்கு போட நீர் யார்?" என்று கேட்டது. கட்சி வேறுபாடு கரைந்தது. சாதி வேறுபாடு ஒதுங்கி நின்றது.

ஓராண்டு கழித்து, 1980 இல் தேர்தல். இணைப்புப் பேச்சுக்குத் துணை நின்றது என்று மக்கள் கருதிய அ.தி.மு.க.வுக்குக் கிடைத்த இடம் எத்தனை? முந்தைய தேர்தலில் 14. அந்தத் தேர்தலில் பூஜ்யம்! தமிழ்நாடெங்கும் கொண்டாடப்பட்ட திரைநாயகரின் கட்சிக்குப் புதுவையிலே பூஜ்யம்! தி.மு.கழகத்துக்கு 14, இந்திரா காங்கிரசுக்கு 10. கூட்டணிக் கணக்கும் அந்த வெற்றியிலே உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டணி மட்டுமே ஒரு கட்சியை வேரோடு பெயர்த்துவிடாது. தன்னாட்சி என்ற நரம்பைத் தொட்டார்கள். புதுவை துடித்து எழுந்தது. அதுதான் விளக்கம்.

சரி, அப்படித் துடித்த ஊர் பிறகு எப்படி மாறியது?

தமிழ்நாட்டிலே ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 2021 கணக்கில் சராசரியாக இரண்டரை இலட்சத்துக்கு மேல் வாக்காளர். புதுவையிலே சுமார் 10 இலட்சம் பேரை 30 ஆல் வகுத்தால், ஒரு தொகுதிக்கு 33 ஆயிரம். வேட்பாளருக்கு வாக்காளரின் வீடு தெரியும். வீட்டிலே நடக்கும் திருமணம் தெரியும். வாங்கிய கடன் தெரியும். சில நூறு ஓட்டு இங்கே சிங்காதனத்தைப் புரட்டும். இவ்வளவு சிறிய பாத்தியிலே கொள்கைப் பயிர் வளர்ப்பது எளிதன்று. 'நம்ம ஆளு' என்ற கொடிதான் விரைந்து படரும்.

அதற்கு எதிரே அரண்போல் நின்றவை இரண்டு. ஒன்று ஆலை. தொழிற்சங்க வாயிலிலே அரசியல் படித்தவன் ஆயிரம் ரூபாய்க்கு அசைய மாட்டான். ஆனால் ஆலைகள் நலிந்தன. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ஆலை 2020 இல் மூடப்பட்டது. சுதேசியும் பாரதியும் அவ்வாறே. சங்கு அடங்கியது, அதனோடு சங்கமும் அடங்கியது. இரண்டாவது அரண் உள்ளாட்சி. புதுவையிலே 1968 இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006 இல்! முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி! 2006 இல் வந்தவர்களின் காலம் 2011 இல் முடிந்தது. 2021 இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் நிறுத்தப்பட்டது. விளைவு என்ன? தெருவிளக்குக்கும் சட்டமன்ற உறுப்பினர். சாக்கடைக்கும் சட்டமன்ற உறுப்பினர். சாவு வீட்டுக்கு நாற்காலி போடவும் சட்டமன்ற உறுப்பினர். சட்டம் இயற்ற வேண்டியவரை நாமே மேஸ்திரியாக்கிவிட்டோம்!

ஆகவே 2011 இல், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிய என்.ஆர். காங்கிரஸ் 15 இடங்களை அள்ளியது. தலைவரின் பெயரே கட்சியின் பெயர். கழகத்துக்கு 1969 இல் 15, 1980 இல் 14. 2011 இல் 2, 2016 இல் 2. 2021 இல் 6. அந்த 2021 இலேயே சுயேச்சைகளும் 6! கட்சியே வேண்டாம் என்று நின்றவர்கள், நெருப்பாற்றில் நீந்திய இயக்கத்தோடு சரிக்குச் சரி! இதைக் கசப்பாகச் சொல்லவில்லை. மருத்துவன் நாடி பார்ப்பதுபோல் சொல்கிறேன்.

ஆனால், தோழர்களே, நாடி முழுவதும் படுத்துவிடவில்லை. இதோ மற்றொரு பெட்டி: நாடாளுமன்றப் பெட்டி. 1967 முதல் 2024 வரை புதுவைத் தொகுதிக்கு 15 பொதுத்தேர்தல்கள். பதினொன்றில் காங்கிரஸ், எஞ்சிய நான்கில் நான்கு வெவ்வேறு கட்சிகள்: 1977 இல் அ.தி.மு.க., 1998 இல் தி.மு.க., 2004 இல் பா.ம.க., 2014 இல் என்.ஆர். காங்கிரஸ். இங்கே ஆட்டம் குறைவு. 2021 இல் என்.ஆர். காங்கிரசுக்கு 10, பா.ஜ.க.வுக்கு 6 என்று தந்து கோட்டைக்கு அனுப்பிய அதே மக்கள், மூன்றே ஆண்டில், 2024 இல், அந்த ஆட்சியின் உள்துறை அமைச்சரே வேட்பாளராக நின்றபோது, எதிரணியின் வைத்திலிங்கத்தை 1,36,516 ஓட்டு வேறுபாட்டில் டில்லிக்கு அனுப்பினார்கள். அதே ஊர்! அதே விரல்! அதே மை! ஆனால் வேறு கேள்வி! முதற்பெட்டியிலே, "யார் நமக்கு வேண்டியவர்?" என்று கேட்டார்கள். இரண்டாம் பெட்டியிலே, "எது நமக்கு வேண்டியது?" என்று கேட்டார்கள்.

மக்கள் இரட்டை நாக்கு உடையவர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். மக்கள் கணக்குத் தெரிந்தவர்கள்! சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று கண்டுகொண்டார்கள். அதிகாரம் இல்லாத மன்றத்திலே கொள்கையைக் கேட்டு என்ன பயன், ஒரு சிபாரிசையாவது கேட்டுப் பெறுவோம் என்று நினைத்தார்கள். இதுதான் நான் சொல்ல வந்த செய்தி: புதுவை ஓட்டு சிறுத்துப்போனது மக்களின் மனம் சிறுத்ததால் அன்று, ஓட்டுக்குப் பின்னால் நிற்கும் அதிகாரம் சிறுத்ததால்!

சான்று வேண்டுமா? தாய்மார்களே, ஆண் வாக்காளரைவிடப் பெண் வாக்காளர் மிகுந்த ஊர் இது. உங்கள் அடுப்படியைக் கேளுங்கள். ரேஷன் கடையிலே அரிசியா, அரிசிக்குப் பதில் பணமா என்று வழக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை, "அரிசி" என்றது. தேர்ந்தெடுக்கப்படாத துணைநிலை ஆளுநர், "பணம்" என்றார். யார் சொல் வென்றது? பணம் என்ற சொல்! பல்லாண்டு பூட்டிக் கிடந்த கடைகள் 2024 இல்தான் மறுபடி திறந்தன. உலைநீர் கொதிக்கும்போது அரிசி வருமா வராதா என்பதைக்கூட உங்கள் ஓட்டு தீர்மானிக்கவில்லை.

இப்போது லாஸ்பேட்டைக்கு வருவோம். லா என்ற பிரெஞ்சுக் கவர்னரின் பெயரைச் சுமப்பதாகச் சொல்லப்படும் பேட்டை. விமானம் இறங்கும் பேட்டை. தாகூர் கலைக் கல்லூரியும் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையமும் நிற்கும், படித்தோர் மலிந்த பேட்டை. அண்மைக்கால அரசியல் நாடகத்தின் ஒரு பெருங்காட்சியிலே இந்தப் பேட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் இடம்பெற்றது.

புதுவைச் சட்டமன்றத்தில் 30 பேர் மக்களால் வருகிறவர்கள். 1963 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேலும் மூவர் வரை டில்லி அரசு நியமிக்கலாம். 2017 இல் டில்லி மூவரை நியமித்தது. மூவரும் பா.ஜ.க.வினர். 2016 இல் மக்கள் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் தரவில்லை! வழக்கு நடந்தது. நியமனம் செல்லும், மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் மன்றத்தில் ஓட்டு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பை மதிக்கிறோம், அந்தச் சட்டத்தை மாற்றக் கேட்கிறோம்.

2021 பிப்ரவரி 22. பதவி விலகல்களும் தகுதி நீக்கமும் கழிந்து அவையிலே எஞ்சிய மக்கள் பிரதிநிதிகள் 23 பேர். பேரவைத் தலைவரையும் சேர்த்து ஆளுங்கட்சி அணியில் 12, எதிரணியில் 11. மக்கள் அனுப்பியவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அப்படி. ஆனால் நியமித்த மூவரையும் கூட்டு! எதிரணி 14. தராசு சாய்ந்தது. வாக்கெடுப்புக்கு முன்பே முதலமைச்சர் நாராயணசாமி வெளியேறினார், பதவி விலகினார். பெரும்பான்மை இல்லை என்று அறிவித்த பேரவைத் தலைவர் சிவக்கொழுந்து யார்? 2016 இல் இதே லாஸ்பேட்டை தேர்ந்தெடுத்து அனுப்பியவர்! கட்சி தாவியவர்களின் பங்கை நான் மறைக்கவில்லை. வீட்டுக் கதவை உள்ளிருந்து திறந்தவர்கள் அவர்கள். ஆனால் கடைசிக் கல்லை எடுத்தது, ஓர் ஓட்டும் வாங்காத மூன்று கை!

வெள்ளையன் காலத்துப் பட்டியலைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஓட்டு எல்லார்க்கும், எடை மட்டும் வேறு வேறு என்ற அந்தப் பழைய வேடம் இதோ! புதுவை மக்கள் பத்து இலட்சம் பேருக்கு 30 நாற்காலி. டில்லியின் ஒரு பேனாவுக்கு 3 நாற்காலி!

காட்சி அத்துடன் முடியவில்லை. நியமிக்கப்பட்ட மூவரில் ஒருவர், அப்போதைய பா.ஜ.க. தலைவர் சாமிநாதன். இரண்டு மாதம் கழியுமுன் அவர் லாஸ்பேட்டையிலே வேட்பாளராக வந்து நின்றார். டில்லி கொடுத்த நாற்காலியை மக்கள் கையாலும் பெறவேண்டும் என்று விரும்பினார். அது அவர் உரிமை. லாஸ்பேட்டை என்ன செய்தது? எங்கும் எதிரணி அலை. காங்கிரசுக்கு மொத்தம் கிடைத்ததே இரண்டு இடம். ஒன்று மலையாளக் கரையில் உள்ள மாகி. மற்றொன்று இந்த லாஸ்பேட்டை! வைத்தியநாதனை வெற்றி பெறச் செய்தார்கள். வேட்பாளரின் சொந்தச் செல்வாக்கும் அதிலே உண்டு. ஆயினும் நியமனத்தால் நாற்காலி ஏறியவருக்கு, "உள்ளே போகும் வழி இது, எங்கள் வழியாக வா" என்று வாயிற்கதவைக் காட்டிய தொகுதி என்ற பெயரை யாரும் இதனிடமிருந்து பறிக்க முடியாது.

1980 இல் புதுவை முழுவதும் சொன்னதை 2021 இல் லாஸ்பேட்டை தனித்து நின்று சொன்னது. அந்த நரம்பு சாகவில்லை. தொடுவாரில்லாமல் கிடக்கிறது!

தொடுவது யார்? தோழரே, நீர்தான்! வாக்குச்சாவடி முகவராக உட்காரும் நீர், பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்திருக்கிறீர். யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்று உறங்கும்போதும் சொல்வீர். நன்று. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "எதிரி எவ்வளவு கொடுத்தான்?" என்று கேட்பதற்கு முன், "உமது ஓட்டு எங்கே போய்ச் சேர்கிறது தெரியுமா?" என்று கேளும். நியமன உறுப்பினர் கதையைச் சொல்லும். உள்ளாட்சித் தேர்தல் முப்பத்தெட்டு ஆண்டு காணாமற்போன கதையைச் சொல்லும். மாநிலத் தகுதி கேட்டு நம் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டதை, அந்தத் தீர்மானங்கள் டில்லியின் அலமாரியிலே உறங்குவதைச் சொல்லும். இவற்றைச் சொல்லாமல் வாங்கும் ஓட்டு, அடிவாரம் இல்லாத சுவர். அடுத்த மழைக்கு நிற்காது. சொல்லி வாங்கும் ஓட்டு நூறே ஆனாலும், அது அடுத்த தேர்தலுக்கும் விதைநெல்!

மாநிலத் தகுதி வந்தால் நாளையே பாலாறு ஓடும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். தவறு செய்யும் அமைச்சர் அப்போதும் இருப்பார். ஆனால் அவரைத் தண்டிக்கும் அதிகாரம் நம்மிடம் இருக்கும். இன்று தவறு செய்தவரைக் கேட்டால் அவர் ஆளுநரைக் காட்டுகிறார். ஆளுநரைக் கேட்டால் அவர் டில்லியைக் காட்டுகிறார். டில்லியைக் கேட்கவோ நம்மிடம் ஒரே ஒரு மக்களவை உறுப்பினர்! சுட்டுவிரல்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. நம் மைவிரல் மட்டும் தனியே நிற்கிறது.

பதினாறு என்ற எண் சிறியதாகவே இருக்கட்டும். அதைக் கூட்டித் தரும்படி நான் கேட்கவில்லை. நம் தலைக்கணக்கு அதுதான். ஆனால் அந்தப் பதினாறும் முழுப் பதினாறாக இருக்க வேண்டும். மக்கள் போட்டதை மக்கள் மட்டுமே எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெருத்தெருவாக, திண்ணை திண்ணையாகப் போட்டுக் காட்டுங்கள். விடையை மக்கள் எழுதுவார்கள். 1980 இல் எழுதினார்கள், மறுபடியும் எழுதுவார்கள்.